ஐஸ்கிரீம் குச்சிக் கதவு

பூரணம் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று சேதி கிடைத்ததிலிருந்து, கை வைத்த இடமெல்லாம் பசை ஒட்டியது.

மற்ற வீடாக இருந்தால், சம்பந்தியாகக் கூடியவர் வருகிறார் என்று சுவருக்குச் சாயம் அடிப்பார்கள். என் தம்பி பெண்டாட்டி உஷாராணி க்ளூ கன்னை எடுத்தாள். அவள் ஒரு தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், உதவி ஆசிரியை. காலையெல்லாம் குழந்தைகளுக்கு வண்ணத்தாள் வெட்டிக் கொடுத்து, ஐஸ்கிரீம் குச்சியில் வீடு கட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருபவள். சாயங்காலம் கைப்பேசியில் யாரோ ஒருத்தி பழைய குழாய்க்கு முத்து ஒட்டி அதை ராணி வீட்டுக் குழாயாக்குவதை வாய் பிளந்து பார்ப்பாள். அந்தக் கை சும்மா இருக்குமா? எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி என்று விற்கும் கடையிலிருந்து லேஸ், ஜிகினா, கண்ணாடிச் சில்லு, தங்க நிறத் தாள் என்று பை பையாக வந்து இறங்கின.

முதலில் சுவிட்சுகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் தங்க லேஸில் சட்டம் ஏறியது. அடுத்தது ஐஸ்பெட்டியின் கைப்பிடி. அதற்குக் கம்பளி நூல் சுற்றினாள். திரைச்சீலைக் கம்பியின் இரண்டு முனையிலும் முட்டை அட்டையை வெட்டிப் பூ வைத்தாள். கதவுப் பிடிக்குச் சிவப்புக் கல். கழிவறையில் தண்ணீர் விடும் பிடிக்கு முத்து. ஒருநாள் காலை அவசரத்தில் நான் அதை அழுத்த, ஒரு முத்து என் விரலோடு வந்துவிட்டது. "மெதுவா அண்ணி, இன்னும் காயல" என்றாள் உஷா, கதவுக்கு வெளியே நின்றுகொண்டே. அது காயும்வரை நான் காத்திருக்க முடியுமா என்று அவள் கேட்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் மனம் போவதில்லை. என் பெயர் வீரம்மா. உஷாவின் புருஷன் பழனியப்பனுக்கு நான் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அத்தனை வருஷமும் ஒரே மாதிரி வெள்ளைக் கையுறைகள் கண்முன்னால் போவதைப் பார்த்துப் பழகியதால், ஒரு சாமான் வெறுமையாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. உஷா ஏன் இப்படிக் கிடந்து ஒட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய பயம் எனக்கும் இருந்தது.

அது ஷாமினியைப் பற்றிய பயம். ஷாமினி அவர்களுடைய ஒரே பெண், எனக்கும் ஒரே பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பங்சாரில் ஓர் ஆபீசில் கணக்கு வேலை, வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஆபீசில் பழக்கமானவன்தான் கௌசிகன், பூரணம் அம்மாளின் மகன். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். ஆனால் இரண்டு வருஷமாக அவன் அம்மா "ஒத்து வராது" என்ற ஒரே பேச்சில் நின்றுவிட்டார். அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பல தலைமுறையாக பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர்கள். அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகிவிட்டார். அவர்களுடைய தாத்தா ரயில்வே ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர். எங்கள் தாத்தா கேரி தீவு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எது ஒத்து வராது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த இரண்டு வருஷத்தில் எங்களில் ஒருவரைக்கூட அவர் தம் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. ஷாமினி சில நாள் அந்தத் தெரு வழியாகவே ஸ்டேஷனுக்கு நடந்து போவாள். வாசலைப் பார்ப்பாள், நிற்காமல் வந்துவிடுவாள். "உள்ள போயி ஒரு வணக்கம் சொல்லிட்டு வாயேன்" என்று நான் ஒரு தடவை சொன்னேன். "கூப்பிடாத வீட்டுக்கு எப்படி அத்தே போறது?" என்றாள்.

கடைசியில் கௌசிகன், ஷாமினி இல்லையென்றால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். சத்தம் போடவில்லையாம், சாப்பிட்டுக்கொண்டே சொன்னானாம். கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மாள், "சரி, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன். பிறகு என்ர முடிவைச் சொல்லுறன். அதுக்குப் பிறகு இந்தக் கதை வேண்டாம்" என்றாராம். ஆக, ஒரே ஒரு தடவை. அதிலேயே ஆமாம் அல்லது இல்லை. கௌசிகன் அம்மா பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கொள்கிற ரகம் இல்லை, ஷாமினியும் அப்படி அவன் கூப்பிட்டால் போகிற ரகம் இல்லை.

உஷாவின் வேலையிலேயே உச்சம் மெயின் சுவிட்ச் பெட்டிதான். நாங்கள் இருப்பது கிள்ளானில் ஒரு பழைய அடுக்குமாடியில். வாசல் கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில், சரியாகக் கண்ணுக்கு நேரே, அந்தப் பெட்டி சாம்பல் நிறத்தில் துருத்திக்கொண்டிருக்கும். மற்ற வீடுகளில் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டி மறைத்துவிடுவார்கள். உஷாவுக்குக் காலண்டர் போதவில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளை நெருக்கமாக அடுக்கி இரண்டு சின்னக் கதவு செய்தாள். தங்கச் சாயம் அடித்து, கண்ணாடிச் சில்லும் சிவப்புக் கல்லும் பதித்தாள். கதவுக்கு மேலே தெர்மாகோலில் ஒரு வளைவு, வளைவின் இரண்டு பக்கமும் மயில், நடுவில் ஒரு சின்ன மணி.

"என்னா உஷா இது?" என்றேன்.

"அரண்மனை ஜன்னல் அண்ணி. நார்த் இண்டியா டிசைன்."

நான் அரண்மனை எதையும் பார்த்ததில்லை. அதனால் சரி என்று விட்டுவிட்டேன். வீட்டு சாமி இருப்பது சமையலறை அலமாரியின் மேல்தட்டில்; மூன்று படம், ஒரு விளக்கு. அதில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. "சாமிக்கு எதுக்கு அண்ணி ஜிகினா? அது பாட்டுக்கு அழகாத்தானே இருக்கு" என்றாள்.

கதவு வந்ததில் ஒரு தொல்லை இருந்தது. எங்கள் வீட்டில் ஏர்கோன், மைக்ரோவேவ், தண்ணீர் காய்ச்சும் கேத்தல் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் மெயின் சுவிட்ச் டப்பென்று கீழே விழுந்துவிடும். வீடே அணைந்துபோகும். முன்பெல்லாம் பழனி எழுந்துபோய் அதை மேலே தட்டிவிட்டு வருவான். இப்போது கதவைப் பிடித்து இழுத்தால் கல் உதிர்ந்தது. "லோரிக் கதவாட்டம் இழுக்காதீங்க, நகத்தால மெதுவா தொறங்க" என்று உஷா கத்துவாள். அவன் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். நகத்தால் திறக்கிற வேலையெல்லாம் அந்த விரலுக்கு வராது.

ஞாயிறு மதியத்துக்கு மேல் வந்தார்கள். காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் சொல்லி காருக்கு இடம் காட்ட ஷாமினியும் பழனியும் கீழே போயிருந்தார்கள். இடம் கிடைப்பதாக இல்லை. அம்மாளை வெயிலில் நிற்க வைக்க வேண்டாம் என்று பழனி அவரை மட்டும் லிஃப்டில் அழைத்து வந்துவிட்டான். சின்னவர்கள் இரண்டு பேரும் காரோடு கீழே நின்றுவிட்டார்கள். ஷாமினி அப்போது மேலே இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பூரணம் அம்மாள் ஒல்லியாக, உயரமாக இருந்தார். சாயம் போகாத நல்ல நூல் சேலை, நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே காலடி எடுத்து வைத்தார். "வாங்கக்கா, வாங்க" என்று உஷா முன்னால் வந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பழப்பையை என்னிடம் நீட்டினார். தலைப்பை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டார். மெயின் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்று, கண்ணை மூடி, நெஞ்சுக்கு நேரே கைகூப்பினார்.

நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். அவர் உதடுகள் அசைந்தன. ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று தெரிந்தது, சின்ன வேண்டுதலும் இல்லை என்று தெரிந்தது. முடித்துவிட்டு, விரலை நீட்டி அந்தச் சின்ன மணியைத் தட்டினார். அது ஒழுங்காகவே ஒலித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் நான் அந்தப் பெட்டியை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். வளைவு, மயில், மணி, சாத்திய தங்கக் கதவு. சாமியைத் தவிர யாருக்கு இப்படி வாசல் வைப்பார்கள்? என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

"உங்கட குலதெய்வமோ?" என்று கேட்டார் பூரணம் அம்மாள்.

உஷாவின் வாய் திறந்து மூடியது. இல்லையக்கா, அது மெயின் சுவிட்ச் என்று சொல்ல வேண்டியதுதான். கன்னத்தில் போட்டுக்கொண்ட கை இன்னும் இறங்காமல் நிற்கிற ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது?

"முனீஸ்வரர், அக்கா" என்றான் பழனி. "வாசல் காவலு."

"கதவு சாத்திக் கிடக்கு?"

"வெள்ளிக்கெழம மட்டுந்தான் தொறப்போம்."

என் தம்பி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அவ்வளவு சரளமாக வரும் என்று அவனுக்கே தெரியாது போல, சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அந்த அம்மாள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய் சோபாவில் உட்கார்ந்தார். ஷாமினியின் அறையில் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் ஹாலுக்கு வரட்டும் என்று உஷா அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். ஹாலில் விசிறி வேறு. அம்மாள் சுவரிலிருந்த லேஸ் சுவிட்சுகளையும் முட்டை அட்டைப் பூவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சற்று நேரத்தில் ஷாமினியும் கௌசிகனும் வந்து சேர்ந்தார்கள். அம்மாள் மகனைப் பார்த்து, "இவையின்ட முனீஸ்வரரைக் கும்பிட்டிட்டு வந்து இரு, தம்பி. வாசலிலயே நல்ல வடிவா வச்சிருக்கினம்" என்றார்.

கௌசிகன் திரும்பிப் பார்த்தான். அவன் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தவன்தான், ஒரு தடவை சுவிட்ச் விழுந்தபோது அவனே எழுந்துபோய்த் தட்டிவிட்டிருக்கிறான். தங்கக் கதவைப் பார்த்தான், பழனியைப் பார்த்தான். பழனி கண்ணாலேயே கெஞ்சினான். பையன் பேசாமல் போய், மெயின் சுவிட்சைக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஷாமினி விறுவிறுவென்று சமையலறைக்குள் வந்தாள். நானும் உஷாவும் அங்கேதான் ஒளிந்துகொண்டிருந்தோம்.

"யாரு அத்தே முனீஸ்வரர்?"

"உங்கப்பன கேளு."

"அலமாக்! ஐயோ, இப்பவே போயி சொல்லிடறேன்."

உஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. அவங்க கும்பிட்டுட்டாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இப்ப போயி அது சுவிட்சுன்னு சொன்னா அந்தம்மாவுக்கு எவ்ளோ அசிங்கம்? நம்ம வீட்டுல கால வச்சதும் அசிங்கப்பட்டுப் போகணுமா? போற வரைக்கும் பொறுத்துக்கோ."

"பொய் சொல்லியா மா கல்யாணம் பண்றது?"

"யாரு பொய் சொன்னா? நான் அரண்மனை ஜன்னலுன்னுதான் செஞ்சேன்" என்று சொல்லும்போதே உஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷாமினி பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பேச்சு ஒரு மாதிரி போய்க்கொண்டிருந்தது. பூரணம் அம்மாள் ஷாமினியிடம் வேலையைப் பற்றிக் கேட்டார். சமைப்பாயா என்று கேட்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. பழனியிடம், இப்போதும் லோரி ஓட்ட உடம்பு இடம் கொடுக்கிறதா என்றார். சொல்லப்போனால் நல்ல மனுஷிதான். ஒருமுறை ஷாமினி சொன்ன எதற்கோ லேசாகச் சிரித்தார்கூட. அந்தச் சிரிப்பைப் பார்த்து உஷாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கறிபாப் பலகாரம் ஆறிவிட்டது, சூடாக்கித் தருகிறேன் என்று மைக்ரோவேவில் வைத்தாள். நானும் என் பங்குக்கு இன்னொரு சுற்றுத் தேநீர் போடலாம் என்று கேத்தலை அழுத்தினேன்.

டப்.

ஏர்கோன் அடங்கியது. விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"ஏரியா ஃபுல்லா கரண்டு போயிடுச்சு போல" என்றான் பழனி.

பக்கத்து வீட்டு டிவியில் கூட்டமாகக் கைதட்டினார்கள். வெளியே லிஃப்ட் 'டிங்' என்று நின்று, கதவு திறந்து, மூடிக்கொண்டு போயிற்று. கௌசிகன் பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டான். பிறகு கால்சட்டையைச் சரிசெய்வதுபோல மறுபடி உட்கார்ந்தான்.

திறக்க முடியாது. வெள்ளிக்கிழமைதான் திறப்போம் என்று சொல்லியாகிவிட்டது. கிள்ளான் வெயில் பழைய அடுக்குமாடியில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். உஷா ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து அம்மாளுக்கு விசிறினாள். அவர் நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்துவிட்டது. அவர் விசிறியைப் பார்க்கவில்லை, வேர்வையைத் துடைக்கவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும்" என்றார் கடைசியில். அதே மெல்லிய குரல்தான். "எனக்கு இதில முடிவெடுக்கத் தெரியேல்ல. இவன் என்ர ஒரே பிள்ளை. அவரும் இல்லை, ஆரைக் கேக்கிறது? வாசலில கும்பிடேக்க உங்கட தெய்வத்திட்டயே கேட்டனான். இந்தச் சம்பந்தம் சரிவராதெண்டால் இண்டைக்கே எனக்குக் காட்டிப்போடு எண்டு." விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "மற்ற வீட்டில எல்லாம் கரண்ட் கிடக்கு. இந்த வீட்டில மட்டும் நிண்டிட்டுது."

உஷா விசிறுவதை நிறுத்தினாள்.

"நான் குறை சொல்லேல்ல. நல்ல சனம் நீங்கள். ஆனால் கேட்டுப்போட்டுப் பதிலைக் கேளாமல் விட ஏலாது." அவர் எழுந்தார். "தம்பி, வெளிக்கிடுவம்."

என் கை அப்போதும் கேத்தல் பக்கமாகத்தான் இருந்தது. அதை அழுத்தியது நான். அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் ஒரு விரலால் போகிறதே! சொல்லலாம் என்று வாயெடுத்தேன், கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்தக் கை நினைவுக்கு வந்தது. உஷா பத்திரிகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பழனி தரையைப் பார்த்தான். கௌசிகன் எழுந்து நின்றுவிட்டான், ஆனால் காலைத் தூக்கவில்லை.

ஷாமினி எழுந்தாள். அம்மாளைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள். தங்கக் கதவுகளை, அவள் அப்பா இழுப்பதுபோலவே, பிடித்து இழுத்துத் திறந்தாள். இரண்டு கல் உதிர்ந்து தரையில் உருண்டன. உள்ளே கறுப்புச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் கீழே விழுந்து கிடந்தது. அவள் அதை மேலே தள்ளினாள்.

விசிறி சுற்றத் தொடங்கியது. அறையில் ஏர்கோன் 'பீப்' என்றது. மைக்ரோவேவ் மட்டும் அணைந்தபடியே இருந்தது.

"ஆன்டி, இது சாமி இல்ல" என்றாள். "மெயின் சுவிட்ச். ஏர்கோன், மைக்ரோவேவ், கேத்தல் மூணும் ஒண்ணா போட்டா விழுந்துடும். அம்மா அழகா இருக்கட்டும்னு கதவு செஞ்சாங்க. அவ்ளோதான்."

பூரணம் அம்மாள் திறந்த பெட்டியைப் பார்த்தார். முகம் மெதுவாகச் சிவந்தது. "நான் கையெடுத்துக் கும்பிட்டனான்" என்றார். "எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"என் தப்புக்கா" என்றான் பழனி. "நீங்க கண்ண மூடிக் கும்பிட்டீங்க. சுவிட்சுன்னு எப்படி சொல்றது? வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு வாயில வந்தத சொல்லிட்டேன்."

"கேத்தல போட்டது நானு" என்றேன்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா. போன வருஷம் நானே ஒருக்காத் தட்டி விட்டனான்."

"பிறகு என்னத்துக்குக் கும்பிட்டனி?"

"நீங்கள் கும்பிடச் சொன்னீங்கள்."

இந்த இடத்தில் யாராவது சிரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அம்மாள் ஷாமினியின் பக்கம் திரும்பினார். குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. "இவ்வளவு பேரும் மறைச்சவை. நான் கோவிச்சுக்கொண்டு போவன் எண்டு தெரிஞ்சும் நீ ஏன் திறந்தனி?"

ஷாமினியின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. "எப்படியும் நீங்க போறீங்க ஆன்டி. சாமி வேணாம்னு சொல்லிப் போனா நான் ஏத்துக்குவேன். உங்களுக்கு என்னைப் புடிக்கலன்னு நீங்க சொல்லிப் போனாக்கூட ஏத்துக்குவேன். ஒரு சுவிட்ச் விழுந்ததுக்கு என்னால விட முடியாது."

பூரணம் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷமாக அவர் இந்தப் பெண்ணைப் பற்றி என்ன நினைத்திருந்தாரோ எனக்குத் தெரியாது. பார்ப்பது இப்போதுதான் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. சமையலறையில் கேத்தல் கொதித்து 'டிக்' என்று நின்றது.

"தேத்தண்ணி கொதிச்சிட்டுது போல" என்றார். திரும்பி வந்து, எழுந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். "போட்டுக்கொண்டு வாங்கோ. சீனி குறைச்சு."

நான் போட்ட தேநீரிலேயே அதுதான் மோசமான தேநீர். பாதி தட்டிலேயே கொட்டிவிட்டது. அவர் குறை சொல்லாமல் முழுவதையும் குடித்தார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விலைவாசி பற்றிப் பேசினார், பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றிப் பேசினார். உஷா தரையில் உதிர்ந்த கற்களைப் பொறுக்கிக் கையில் மூடி வைத்துக்கொண்டிருந்தாள். ஷாமினி முகம் கழுவிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். முடிவை வீட்டுக்குப் போய் மகனிடம்தான் சொல்வார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த இரவை இந்தப் பெண் எப்படிக் கடப்பாள் என்றும் நினைத்தேன்.

புறப்படும்போது வாசலில் செருப்பைப் போடக் குனிந்தவர் நிமிர்ந்து, பெட்டிக்கு முன்னால் நின்றார். கதவு இன்னும் திறந்தேதான் கிடந்தது. அவர் கை பழக்கத்தில் நெஞ்சுவரை ஏறியது, பாதியில் நின்றது. அந்தக் கையாலேயே கதவைத் தொட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"இதென்ன, ஐஸ்கிரீம் குச்சியோ?"

"ஆமாக்கா" என்றாள் உஷா. அடி விழும் என்று காத்திருப்பவள்போல இருந்தது குரல்.

"எங்கட வீட்டு வாசலிலயும் இப்பிடி ஒரு பெட்டி கிடக்கு. அவர் இருக்கேக்க ஒரு காலண்டரைக் கொழுவி மறைச்சு விட்டவர். அந்த வருஷத்துக் காலண்டர்தான் இப்பவும் கிடக்கு." கதவுகளை மெதுவாக, நகத்தால் பிடித்து, கல் உதிராமல் சாத்தினார். "வாற ஞாயிறு எல்லாருமா வாங்கோ. இவளையும் கூட்டிக்கொண்டு. வந்து இதுமாதிரி ஒண்டு செய்து தாங்கோ."

ஷாமினி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். நான் கையை எடுக்கவில்லை.

உஷா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எந்தச் சமயத்திலும் தொழிலை விடாதவள் அவள். "என்னா கலருல செய்யட்டும்க்கா?" என்று கேட்டாள்.

பூரணம் அம்மாள் செருப்பில் காலை நுழைத்தார்.

"எந்த நிறமெண்டாலும் பரவாயில்ல" என்றார். "கும்பிடுற மாதிரி மட்டும் வேண்டாம்."